ருவேயும் ருவாவும்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தேன். பேக்கரியில் பிறை வடிவ ரொட்டியை ‘குரோய்சண்ட்’ என்று கேட்டதும் கடைக்காரப் பெண்ணும் என் பேரனும் சிரித்துவிட்டார்கள். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, இது என்ன மொழி? நம் தமிழ்போல் எழுதியபடியே படித்தால் என்ன? இந்த வயதில் எனக்கு உச்சரிப்பு திருந்துமா? நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள அம்மா,

எழுதியபடியே படிக்கிறோமா? ‘மரம்’ என்பதை வீட்டில் உதடு ஒட்டியா சொல்கிறீர்கள்? ‘வந்தான்’ என்னும்போது கடைசி ‘ன்’ நாக்கில் நிற்கிறதா, மூக்குக்குள் போய்விடுகிறதா? பிரெஞ்சிலும் இதேதான் நடந்தது. நாம் எழுத்தைப் பேச்சிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு தமிழ் சுத்தம் என்கிறோம். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் ‘குரோய்சண்ட்’டில் வரும் ‘ஓய்’க்கு வருகிறேன். 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களே அதை ‘ஓய்’ என்றுதான் சொன்னார்கள். ஆங்கிலம் அப்போது வாங்கிக்கொண்ட வாய்ஸ், சாய்ஸ் இரண்டிலும் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. பிறகு அது ‘வே’ ஆனது. அதே எழுத்துகள் வரும் அரசன் என்ற சொல்லை அரண்மனையில் ‘ருவே’ என்றார்கள். பாரிஸ் தெருக்களில் ‘ருவா’ என்றார்கள். ‘ருவா’ அன்று கொச்சை. 1789இல் புரட்சி வந்தது, 1793 ஜனவரியில் அரசன் 16ஆம் லூயியின் தலை போனது, அரண்மனை உச்சரிப்பும் மதிப்பிழந்தது. உங்கள் பேரன் இன்று பெருமையாகச் சொல்லும் ‘க்ருவாசான்’ என்பதன் ‘க்ருவா’ மீன்காரிகளும் வண்டிக்காரர்களும் பேசிய பேச்சு. கடல் கடந்து கனடாவின் கியூபெக் போனவர்களின் வாரிசுகளில் பலர் இன்றும் ‘நான்’ என்பதை ‘முவே’ என்கிறார்கள். பாரிஸ்காரர்களுக்கு அது பட்டிக்காட்டுப் பேச்சு. வெர்சாய் அரண்மனையில் பேசியது அதுதான்!

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் பிரெஞ்சு பேசினால் ‘ர’ நாக்கு நுனியில் உருளும். விடுமுறைக்கு பாரிஸிலிருந்து வந்த, ‘ர’வைத் தொண்டையில் சொல்லும் பேரன், தாத்தாவைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பான். கிழவர் அப்புறம் அவனோடு தமிழிலேயே பேசிக்கொண்டார். எனக்கு இன்றும் அந்தப் பையன்மேல் கோபம் உண்டு. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் 1670இல் எழுதிய நாடகமொன்றில், பணக்காரனாகிவிட்ட ஒரு வியாபாரிக்கு வாத்தியார் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கிறார். ‘ர’வுக்கு நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்து அதிரவிடு என்கிறார். தாத்தாவின் ‘ர’ அதுதான். பாரிஸின் தொண்டை ‘ர’ அதற்குப் பின்னால் ஊன்றியது. கிராமங்களில் நாக்கு ‘ர’ 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. இதையெல்லாம் அன்றைக்கு அந்தப் பையனிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் பேரனிடம் நீங்கள் சொல்லுங்கள்.

செயலியெல்லாம் எனக்குத் தெரியாது, வேண்டியதுமில்லை. ‘க்ருவாசான்’ என்று சொல்லுங்கள். கடைசி ‘சான்’ மட்டும் ‘வந்தான்’போல மூக்கில் போகட்டும். ‘ர’ உருண்டால் உருளட்டும். அதற்காகக் கடைக்குப் போகாமல் பேரனை அனுப்பி வாங்கிவரச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.