கண் பார்த்தது ஒன்று, மனம் எழுதியது ஒன்று

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 44 வயது, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மார்க்க வகுப்புக்குப் போகிறேன். அதன் பிறகுதான் ஐந்து வேளைத் தொழுகையும் ஒழுங்காக அமைந்தது.

போன நோன்பில் ஒருநாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். எங்கள் புளோக்குக்கு எதிரே கோப்பிக்கடையில் என் தங்கை மகன் தே (தேநீர்) குடித்துக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். நான் அவனிடம் போகவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டு, "பிள்ளைக்குப் படிப்பு மட்டும் கொடுத்தால் போதுமா, அல்லாஹ்வுடைய பயம் வேண்டாமா?" என்று எழுதிவிட்டேன். குழுவில் 26 பேர்.

அன்று இரவு தங்கை போனில் அழுதாள். "லாத்தா, அவனுக்கு ரெண்டு வருஷமா சுகர். இன்சுலின் போடுறான். அன்னைக்கு நோன்பு வச்சிருந்தான், சுகர் இறங்கி கை நடுங்கிடுச்சு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு அவன்தான் கேட்டுக்கிட்டான்." பெருநாளுக்குக்கூட அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மெசேஜை அழித்துவிட்டேன். ஆனால் என் கண் திருந்தவில்லை. பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் யார் முடி தெரிகிறது, யார் ஸுஜூதில் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும்போது) அவசரப்படுகிறார் என்றே பார்க்கிறது. தவறைக் கண்டால் சொல்வது கடமைதானே? எது அக்கறை, எது பெருமை என்று எப்படிப் பிரிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

கோப்பிக்கடையிலிருந்தே தொடங்குவோம். உங்கள் கண் பார்த்தது ஒரு பையன், ஒரு கிளாஸ் தே, மணி மூன்று. இவ்வளவுதான். "அல்லாஹ்வுடைய பயம் இல்லை" என்பது லிஃப்ட் வருவதற்குள் மனம் எழுதிச் சேர்த்தது. நாம் தாமதமாக வந்தால் ரயில் கோளாறு. அடுத்தவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர். நம் செயலுக்குச் சூழ்நிலையையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணம் காட்டும் இந்தப் பழக்கம் எல்லா மனத்துக்கும் உண்டு, தொழுகிற மனத்துக்கும்தான். சர்க்கரை இறங்கிக் கை நடுங்குகிறவனுக்கு அந்த இனிப்புத் தேதான் மருந்து. நோயாளி நோன்பை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனே (2:185) சொல்லியிருக்க, அவன் செய்ததில் மார்க்கக் குறை எதுவும் இல்லை.

போர்க்களத்தில் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொன்ன ஒருவரை, உயிருக்குப் பயந்துதான் சொன்னார் என்று முடிவுகட்டி நபித்தோழர் உஸாமா (ரலி) வெட்டினார். "அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா?" என்று நபி (ஸல்) அவரிடம் கேட்டார்கள். உஸாமா நபியவர்கள் மிகவும் நேசித்தவர், மார்க்கப் பற்றில் குறைந்தவரும் அல்ல. அவருக்கே அந்தக் கேள்வி.

குர்ஆனின் ஸூரா ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சந்தேகம், அடுத்து துருவிப் பார்ப்பது, அதன் பிறகுதான் புறம் பேசுவது. பள்ளிவாசலில் உங்கள் கண் நிற்பது இரண்டாம் படியில். தொழுகை புதிதாக ஒழுங்குபடும் காலத்தில் இது பலருக்கும் வருவதுதான். பாடுபட்டுச் சேர்த்ததை மனம் எடைபோட்டுப் பார்க்க ஆசைப்படுகிறது. எடைபோட எதிர்த்தட்டில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. உஜ்பு என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்லும் தற்பெருமை இதுதான்.

அக்கறையா, பெருமையா? நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்ற பேச்சு வந்தபோது, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றார்கள் நபி (ஸல்). இதையே சோதனையாக வையுங்கள்: "நான் நினைத்தது தப்பு, அவரிடம் அந்தக் குறையே இல்லை" என்று இப்போது தெரிந்தால் எனக்கு நிம்மதியா, ஏமாற்றமா? துளி ஏமாற்றம் இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். இன்னொன்று, அக்கறை அந்த ஆளிடம் நேராகப் போகும். பெருமைக்குத்தான் 26 பேர் தேவை.

நன்மையை ஏவுவது கடமைதான், ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு. கிராமத்து அரபி ஒருவர் பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்தபோது நபி (ஸல்) முதலில் தடுத்தது அவரை அல்ல, அவர் மேல் பாய்ந்தவர்களை. அவர் முடிக்கும்வரை காத்திருந்து, மென்மையாக எடுத்துச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். அது கண்ணெதிரே நடந்த, ஐயமே இல்லாத தவறு. உங்கள் விஷயத்தில் அந்த முதல் தகுதியே இல்லை.

இருப்பதைச் சொன்னால் புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்பது ஹதீஸ். நீங்கள் எழுதியது இரண்டாவது. இது அடியானின் உரிமை, அதாவது பாதிக்கப்பட்டவனே மன்னிக்க வேண்டியது. தொழுகைப் பாயில் அழுதால் மட்டும் தீராது. மெசேஜை அழித்தாலும் படித்தவர்கள் படித்தது படித்ததுதான். அதனால் அதே குழுவில் எழுதுங்கள். இங்கேதான் நல்ல மனசுக்காரர்களும் சறுக்குகிறார்கள்: "அவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியாமல் எழுதிவிட்டேன்" என்று எழுதினால் அவன் மறைத்ததை நீங்களே அம்பலமாக்குகிறீர்கள். "விசாரிக்காமல் எழுதினேன். நான் எழுதியது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்" போதும். யாராவது காரணம் கேட்டால், "தப்பு என்னுடையது" என்பதோடு நிறுத்துங்கள்.

குழுவில் எழுதும் முன் அவனிடம் நேரில் போங்கள், தங்கையைத் தூது விடாமல். "ஆனால்" என்ற சொல்லே வரக்கூடாது. "உன் நல்லதுக்குத்தான்" என்பதும் கூடாது. மன்னித்தேன் என்று அவன் அன்றே சொல்ல வேண்டும் என்று காத்து நிற்காதீர்கள்.

கண்ணுக்கு ஒரு பயிற்சி. கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) சொன்னதாக வரும் முஹாஸபாதான் (சுய கணக்கு) இது. இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பிறகு ஐந்து நிமிடம், ஒரு நோட்டில் இரண்டு பத்தி. இடப்பக்கம் கண் பார்த்தது, வலப்பக்கம் மனம் சேர்த்தது. பிறர் பெயர் எழுத வேண்டாம். நோட்டு யார் கையிலாவது சிக்கினால் அதுவும் புறமாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். பத்து எழுதத் தொடங்கினால் உங்களை நீங்களே திட்டும் வேலையாகி, நான்காம் நாள் நோட்டை மூடிவிடுவீர்கள். இரவு முழுக்கத் தூக்கம் கெட்டு, தொழுகையிலும் வஸ்வாஸ் (விடாமல் அரிக்கும் சந்தேகம்) பிடித்துக்கொண்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அவன் மறுபடி வீட்டுக்கு வரும் நாளில், சோற்றுத் தட்டை அளந்து பார்ப்பது, "சுகர் எப்படி இருக்கு வாப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பது, இரண்டும் வேண்டாம். கேட்டே ஆக வேண்டுமானால், அவன் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது, தனியாக.