வாசகர் கேள்வி பதில்: இரவு ஓடிய வேலைக்குக் காலையில் சாட்சி எங்கே?

சென்ற இதழில் இரவு நேரத்துப் பேட்ச் வேலைகளைப் பற்றி ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு சேர்வர் தானாக ஓட்டுகிற பேக்கப், வட்டிக் கணக்கு, சம்பளக் கோப்பு, இருப்புக் கணக்கு இவைதான் பேட்ச் வேலைகள். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ஓடியதை எப்படிப் பதிவது, பதிந்ததை எப்படி வெளியே எடுத்துக் கொடுப்பது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கம்பனி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன், சேர்ந்து ஆறு மாதம். உபுண்டு (லினக்ஸ்) சேர்வரில் க்ரொன் என்ற, நேரப்படி வேலைகளை ஓட்டும் கருவி மூலம் இரவு 2 மணியிலிருந்து பதினொரு வேலைகள் ஓடுகின்றன. கணக்காய்வாளர் கடந்த மூன்று மாதத்துக்கு எந்த வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, சரியாக முடிந்ததா என்று எக்ஸலில் கேட்கிறார். லொக்கில் (நிகழ்வுப் பதிவுக் கோப்பில்) தொடங்கிய நேரம் மட்டும்தான் இருக்கிறது. மீதியை எங்கே தேடுவது?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: தம்பி, மீதி க்ரொனின் லொக்கில் இல்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் க்ரொன் இயல்பாக எழுதுவது "இந்த நேரத்தில் இந்தக் கட்டளையைத் தொடங்கினேன்" என்ற ஒரு வரி மட்டுமே. முடிந்ததையும் தோற்றதையும் எழுத வைக்க எல் என்ற ஒரு விருப்பம் உண்டு. தொடக்கத்துக்கு 1, முடிவுக்கு 2, தோல்விக்கு 4, மூன்றையும் கூட்டி 7 என்று கொடுத்தால் மூன்றையும் எழுதும். ஆனால் அது இன்றிலிருந்துதான். போதாததற்கு லொக் கோப்புகளைச் சுழற்றும் அமைப்பு, பதிப்பைப் பொறுத்து ஒரு வாரத்திலோ நாலைந்து வாரத்திலோ பழையதை அழித்துவிடும், எனவே மூன்று மாதத்துக்கு முந்தைய தொடக்க நேரமும் உங்களிடம் பெரும்பாலும் இருக்காது. கணக்காய்வாளரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். நினைவிலிருந்து நிரப்பி ஒரு அட்டவணை செய்து கொடுக்க ஒருபோதும் போகாதீர்கள். பேக்கப் கோப்புகளின் தேதியும் அளவும், க்ரொன் அனுப்பிய மின்னஞ்சல்கள், தரவுத்தளத்தில் அந்த இரவு எழுதப்பட்ட வரிசைகள், இவை மறைமுகச் சான்றுகள்; இருப்பதை எடுத்து "இது மறைமுகச் சான்று" என்று எழுதியே கொடுங்கள்.

இனி வரப்போகும் இரவுகளுக்கு. ஒவ்வொரு வேலையையும் நேரடியாக க்ரொனில் போடாமல், அதைச் சுற்றி ஒரு சின்ன உறை ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய கோப்பு) எழுதி அதன் வழியாக ஓட்டுங்கள். அந்த ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு வரி எழுத வேண்டும், முடிந்த பிறகு இன்னொரு வரி. நான் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்தலாம் என்றால் இதைத்தான் வலியுறுத்துவேன்: தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனி வரிகளாக, அதது நடக்கிற நேரத்தில் எழுதுங்கள். பலரும் வேலை முடிந்ததும் தொடக்க நேரம், முடிவு நேரம், முடிவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியாக எழுதுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் நடுவில் செத்துப்போன வேலை ஒரு வரியும் எழுதாது, அதாவது நாம் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதுவே அட்டவணையில் இருக்காது. 2022 மார்ச் 31 இல் 13 மணி நேர மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது. யூ.பி.எஸ். தீர்ந்து சேர்வர் அணையும்போது, "நான் அணைகிறேன்" என்று எழுத எந்த ஸ்கிரிப்டுக்கும் அவகாசம் கிடைக்காது. தொடக்க வரி இருந்து முடிவு வரி இல்லை என்றால் அதுவே சாட்சி. பெரிய ஐ.பி.எம். மெயின்பிரேம்களில் எஸ்.எம்.எஃப். பதிவுகளின் (அந்தக் கணினிகள் தாமே எழுதும் செயற்பாட்டுப் பதிவுகளின்) 30 ஆம் வகையும் இப்படித்தான், ஜொப் தொடங்கியதற்கு ஒரு உபவகை, முடிந்ததற்கு இன்னொன்று.

இரண்டு வரியையும் பிறகு பொருத்துவதற்கு ஒரு ஓட்ட எண் வேண்டும், தேதியும் நேரமும் ப்ரோசஸ் எண்ணும் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) சேர்ந்தால் போதும். அப்புறம் வேலையின் பெயர், சேர்வரின் பெயர், நேரம், எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண், பிழை இல்லாவிட்டால் 0), எத்தனை வரிசை அல்லது எத்தனை பைட் கையாளப்பட்டது. இதைச் சாதாரண உரைக் கோப்பில், ஒரு நிகழ்வுக்கு ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், பதினொரு வேலைக்கு அது தாராளம். கோப்பின் பிரதி ஒன்று தினமும் வேறொரு சேர்வருக்குப் போகட்டும், ஏனென்றால் டிஸ்க் போனால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். இன்னொன்றும் உண்டு. தொடங்கவே இல்லாத வேலைக்குத் தொடக்க வரியும் இராது. க்ரொன் அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையை அது பிறகு தேடி ஓட்டுவதும் இல்லை (லினக்ஸில் உள்ள இன்னொரு வழியான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்று கொடுத்தால் ஓட்டும்). ஆகவே "இன்றிரவு ஓட வேண்டியவை" என்று ஒரு பட்டியல் தனியே இருக்க வேண்டும், காலையில் எட்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பதிவோடு ஒப்பிட்டு இல்லாததைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் பேக்கப் வேலை தினமும் எக்ஸிட் கோட் 0 என்றுதான் பதிகிறது. போன வாரம் ஒரு கோப்பை மீட்கப் போனால் உள்ளே ஒன்றுமே இல்லை. 0 என்றால் வெற்றி இல்லையா?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குப் பழைய வலி திரும்ப வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில், தரவுத்தளத்தை டம்ப் (முழுப் பிரதி) எடுத்து, அதைப் பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு நேரே அனுப்பும் முறையில், ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்குக் கொடுத்துச் சுருக்கி வைப்போம். யாரோ தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினார்கள், டம்ப் அன்றிலிருந்து தோற்றது, ஆனால் பைப்பில் கடைசியாக நிற்கிற கட்டளையின் எக்ஸிட் கோட்தான் முழு வரிக்கும் எக்ஸிட் கோட். ஜிசிப் தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி 0 என்று சொன்னது. டிஸ்க் பழுதான நாளில் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு இரவின் கோப்பும் சரியாக 20 பைட். வெறுமையைச் சுருக்கினால் ஜிசிப் தருகிற அளவு அது. அன்று தொலைந்ததைத் திரும்பக் கையால் பதிய நாங்கள் எத்தனை பேர் எத்தனை இரவு இருந்தோம் என்பதை இப்போதும் நினைக்க விருப்பமில்லை.

பாஷ் (லினக்ஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்குங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி வெளியே வரும். அது முதல் வேலை. இரண்டாவது, மேலே சொன்ன பைட் அளவு. பதிவில் அந்த ஒரு பத்தி (நெடுவரிசை) இருந்திருந்தால் எங்கள் 20 பைட் மறுநாள் காலையிலேயே கண்ணில் பட்டிருக்கும். எக்ஸிட் கோட் சொல்வது கட்டளை எப்படி முடிந்தது என்பதை மட்டும்தான், வேலை நடந்ததா என்பதை அளவுதான் சொல்லும்.

மற்றக் கோட்களையும் சுருக்கிவிடாமல் அப்படியே எண்ணாகப் பதியுங்கள், "தோல்வி" என்று மட்டும் எழுதினால் காரணம் போய்விடும். 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை, கையால் ஓடுகிற ஸ்கிரிப்ட் க்ரொனில் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான், க்ரொனின் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது. 137 என்றால் 128 உடன் 9 (கட்டாயமாக நிறுத்தும் சைகையின் எண்), வேலையை யாரோ கொன்றிருக்கிறார்கள், நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் மையமான கேர்னலே கொன்றிருக்கவும் கூடும்.

கேள்வி: விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் ஹிஸ்டரி பக்கம் வெறுமையாக இருக்கிறது. என்ன செய்வது?
(தெமட்டகொடை வாசகர்)

பதில்: டாஸ்க் ஷெடியூலர் விண்டோஸின் க்ரொன் மாதிரி. பல இடங்களில் அதன் ஹிஸ்டரி அணைந்த நிலையில்தான் வருகிறது. வலப்பக்கத்தில் எல்லா டாஸ்க்குகளின் ஹிஸ்டரியையும் இயக்கும் தெரிவு இருக்கிறது, அழுத்துங்கள். அதற்குப் பிறகு நிகழ்வுகள் ஈவென்ட் லொக்கில் விழும், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொறியை மட்டும் கவனியுங்கள். 102 ஆம் எண் நிகழ்வு "டாஸ்க் வெற்றிகரமாக முடிந்தது" என்று சொல்லும், உங்கள் ஸ்கிரிப்ட் 1 என்று திருப்பித் தந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லும். உண்மையான ரிட்டர்ன் கோட் 201 ஆம் நிகழ்வின் உள்ளே இருக்கிறது. 102 ஐ மட்டும் எண்ணி "நூற்றுக்கு நூறு வெற்றி" என்று மாத அறிக்கை கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் பொய் சொல்லவில்லை, தவறான எண்ணைப் படித்தார்கள்.

கேள்வி: எஸ்.கியூ.எல். சேர்வர் ஏஜென்டின் ஜொப் ஹிஸ்டரியை மாதக் கடைசியில் ஏற்றுமதி செய்கிறேன். சில ஜொப்களுக்கு ஒரு நாள் விவரம்கூட இல்லை. அத்துடன் எடுத்த நேரத்தைச் சராசரி போட்டால் நம்ப முடியாத எண்கள் வருகின்றன.
(ராஜகிரிய வாசகர்)

பதில்: இரண்டுமே ஏஜென்ட், அதாவது எஸ்.கியூ.எல். தரவுத்தளச் சேர்வரில் ஜொப்களை நேரப்படி ஓட்டும் பகுதி, செய்கிற வேலை. இயல்பு அமைப்பில் மொத்தம் 1000 வரிசை, ஒரு ஜொப்புக்கு 100 வரிசை, அவ்வளவுதான் வைத்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரிசை, மொத்த முடிவுக்கு ஒரு வரிசை. நாலு படி உள்ள ஜொப் கால் மணிக்கு ஒருமுறை ஓடினால் ஒரு ஓட்டத்துக்கு ஐந்து வரிசை, 20 ஓட்டத்தில் 100 நிரம்பிவிடும், அதாவது ஐந்து மணி நேர வரலாறு. மாதக் கடைசி வரை காத்திருந்தால் கிடைக்காது. எல்லையைக் கூட்டுங்கள், அதோடு இரவுதோறும், அந்தக் கால் மணி ஜொப்புக்கு மணிக்கு ஒருமுறை, புதிய வரிசைகளை உங்கள் சொந்த டேபிளுக்கு நகலெடுங்கள். வரிசை எண் ஏறிக்கொண்டே போவதால் கடைசியாக எடுத்த எண்ணுக்கு மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் போதும்.

நேரம் பற்றி: எடுத்த நேரம் வினாடியில் இல்லை. 10205 என்று இருந்தால் 1 மணி 2 நிமிடம் 5 வினாடி, அதை அப்படியே எண்ணாக வைத்துச் சராசரி போட்டால் கணக்குக் கெடும். தொடங்கிய நேரமும் அதே முறைதான், நள்ளிரவு கடந்து 5 நிமிடம் என்பது வெறும் 500 என்று நிற்கும். நகலெடுக்கும்போதே வினாடியாக மாற்றிவிடுங்கள், மூல எண்ணையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். தமிழ், சிங்களப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகவும், அடையாள அட்டை இலக்கம் 1.99E+11 என்றும் தெரிகிறதாம்.
(பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: கேள்விக்குறியாக இருந்தால் எழுத்துகள் கோப்பிலேயே போய்விட்டன, திரும்பி வராது. பழைய விண்டோஸ் பவர்ஷெல் 5.1 எதுவும் சொல்லாவிட்டால் சி.எஸ்.வி.யை ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடான ஆஸ்கியில்தான் எழுதும், நம் எழுத்துகளுக்கு அங்கே இடமில்லை. எல்லா மொழி எழுத்தும் கொள்ளும் யூ.டி.எஃப். 8 என்று குறிப்பிட்டு மறுபடி எடுங்கள். கேள்விக்குறியாக இல்லாமல் விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்திருந்தால் கோப்பு நல்லது, எக்ஸல்தான் தவறாகப் படிக்கிறது. டேட்டா பக்கத்திலிருந்து இறக்குமதி செய்யச் சொல்லுங்கள்.

12 இலக்க அடையாள அட்டை எண்ணை எக்ஸல் எண்ணாக நினைத்து அப்படிக் காட்டுகிறது. பார்ப்பதோடு நின்றால் சேதமில்லை, ஆனால் அந்த நிலையிலேயே மறுபடி சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் அழிந்துவிடும். அந்தப் பத்தியை உரையாக இறக்குமதி செய்ய வேண்டும்.

சரி, நான் கேட்கிறேன்: வேலை ஓடிய பதிவில் அடையாள அட்டை இலக்கத்துக்கு என்ன வேலை? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாடு இது. சட்டம் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரின் இலக்கம் ஒரு மின்னஞ்சல் இணைப்பில் சுற்றுவது சரியில்லை. எத்தனை பேருடைய கணக்கு ஓடியது என்ற எண்ணிக்கை போதும். கட்டளை வரியை முழுதாகப் பதிகிறவர்களும் பாருங்கள், அதில் பல நேரம் கடவுச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மார்ச் 1 ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஓடிய வேலை அறிக்கையில் பெப்ரவரியில் விழுகிறது. அத்துடன் 2004, 2005 ஆம் ஆண்டுப் பழைய லொக்குகளையும் இதே டேபிளுக்குள் கொண்டுவர வேண்டும்.
(தெஹிவளை வாசகர்)

பதில்: சேர்வர் யூ.டி.சி. (உலகப் பொது) நேரத்தில் பதிகிறது. கொழும்பில் அதிகாலை 2 என்பது அங்கே முந்தைய நாள் இரவு 20:30. யூ.டி.சி.யில் பதிவதே நல்லது, அதை மாற்றாதீர்கள். அறிக்கை எடுக்கும்போது கொழும்பு நேரத்துக்கு மாற்றிய பிறகு மாதம் பிரியுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் நேரத்தோடு +05:30 என்றும் சேர்த்து எழுதினால் வாங்குபவருக்குச் சந்தேகமே வராது.

பழைய லொக்குகளுக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்காதீர்கள். 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஆறரைக்குப் போனது, அந்த ஒக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரல் புத்தாண்டையொட்டித்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. உங்கள் 2004, 2005 லொக்குகள் ஆறு மணி நேர வித்தியாசத்தில் எழுதப்பட்டவை. நிரலில் ஏசியா/கொழும்பு என்ற நேர மண்டலப் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றங்கள் அதற்குள் இருக்கின்றன, தானாகச் சரியாகும். ஆனால் அந்தக் காலத்துச் சேர்வரின் கடிகாரத்தை உண்மையிலேயே ஆறுக்கு வைத்திருந்தார்களா என்பது எந்த லொக்கிலும் இருக்காது. அப்போது அங்கே வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், அவர் சொல்வதையும் டேபிளில் குறிப்பாக ஒரு பத்தியில் எழுதி வையுங்கள்.