க்ளீசன் 7 என்றால் பத்துக்கு ஏழா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புரோஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. 8 வந்ததால், ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தோம். புற்றுநோய் என்கிறார்கள். ‘க்ளீசன் 3+4=7, கிரேடு குரூப் 2’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புரோஸ்டேட்டைத் தாண்டிப் பரவவில்லை என்கிறார்கள். பத்துக்கு ஏழு என்றால் முற்றிவிட்டதா? இன்னும் எத்தனை வருடம்?

பதில்: அந்தப் பத்துக்கு ஏழு கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். க்ளீசன் என்பது புரோஸ்டேட் புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டும் எண். இப்போதெல்லாம் பயாப்ஸியில் 6-க்குக் கீழே போடுவதே கிட்டத்தட்ட கிடையாது. அதாவது ஏணி 6-இல்தான் தொடங்குகிறது, 7 அதில் இரண்டாவது படி. இதே குழப்பத்தில் பலர் பயந்துபோனதால்தான் 2014-இல் நிபுணர்கள் கூடி 1 முதல் 5 வரை கிரேடு குரூப் என்று மாற்றினார்கள். உங்கள் அப்பாவுடையது 2.

ரிப்போர்ட்டில் கூட்டுத்தொகையைவிட எந்த எண் முதலில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 1966-இல் டொனால்ட் க்ளீசன் செய்தது எளிமையான காரியம்: செல்லைத் தனியாக ஆராயாமல், புரோஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்னச்சின்னச் சுரப்பிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று மட்டும் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் 3 என்பது சின்னச்சின்ன வளையங்கள், ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக. 4-இல் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில இடங்களில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். 5 வந்துவிட்டால் சுரப்பி என்ற உருவமே இருக்காது. 3+4 என்றால் பெரும்பகுதி 3, கொஞ்சம் 4. 4+3 என்றால் தலைகீழ், அதனால் அது குரூப் 3. இரண்டும் 7-தான், ஆனால் போக்கு வேறு.

எவ்வளவு வேறு? அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில், ஐந்து வருடம் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் குரூப் 1-இல் 96%, 2-இல் 88%, 3-இல் 63%, 5-இல் 26%. இது பி.எஸ்.ஏ. ஏறியதா என்ற கணக்குதான், உயிர்க்கணக்கு இல்லை. ஏறினால் அடுத்த சிகிச்சை உண்டு. உயிர் பற்றிக் கேட்டால், பிரிட்டனில் 1,643 பேரைச் சுமார் 15 வருடம் தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. எல்லாருக்கும் பி.எஸ்.ஏ. சோதனையில் தெரியவந்த, புரோஸ்டேட்டுக்குள்ளேயே இருந்த புற்றுநோய். பெரும்பாலும் குறைந்த கிரேடுதான். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று எந்த வழியில் போனாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3% அளவில்தான். அதற்காக அப்பாவுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. கிரேடு ஒரு கூட்டத்தின் போக்கைச் சொல்லும், ஒரு ஆளுக்குத் தேதி குறிக்காது. அவருடைய இதயமும் சர்க்கரையும்கூட இந்தக் கணக்கில் வரும்.

சரி, இப்போது டாக்டரிடம் கேட்க வேண்டியது. அந்த 4 எத்தனை சதவீதம்? 5% என்பதும் 40% என்பதும் ஒன்றில்லை. குறைவாக இருந்தால் சிகிச்சையை உடனே தொடங்காமல் நெருங்கிக் கண்காணிப்பது பற்றிக்கூடப் பேசலாம். சல்லடை வடிவம் தெரிந்ததா? தெரிந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. எத்தனை ஊசித் துண்டில் புற்று இருந்தது, எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது? ஊசி பட்ட இடம் மட்டும்தானே பயாப்ஸியில் தெரியும். புரோஸ்டேட்டை முழுசாக எடுத்துப் பார்க்கும்போது கிரேடு ஏறுவதும் இறங்குவதும் உண்டு.

அப்புறம், 3-க்கும் 4-க்கும் நடுவில் கோடு போடுவதில், பயாப்ஸியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டர்களான பேத்தாலஜிஸ்டுகளுக்குள்ளேயே கருத்து மாறும். முடிவெடுக்கும் முன் அதே ஸ்லைடுகளை வாங்கி, புரோஸ்டேட்டில் அனுபவமுள்ள இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.