மார்ச் மாதத் தார்ச்சாலையும் மன்றம் கேட்கும் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

அரசுத் துறைகள் செலவழிக்கும் பணத்தைச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எப்படிக் கேள்வி கேட்கின்றன என்று வடசென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

சட்டமன்றத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் மானியக் கோரிக்கை முடிந்துவிடுகிறது. இத்தனை கோடி ரூபாயை ஒரு பகல் பொழுதில் எப்படி அலசுவார்கள்?
– வாசகர், தண்டையார்பேட்டை

அலச முடியாது. அன்றைக்கு அவையில் கிடைப்பது செலவழிக்க அனுமதி மட்டும்தான். அரசியலமைப்பின் 203-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு துறையின் செலவும் தனி எண்ணுள்ள கோரிக்கையாக வரும். மீன்வளத்துக்கு 7, மக்கள் நல்வாழ்வுக்கு 19, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கலுக்கு 34. அமைச்சர் தரும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதில் திட்டங்களின் பெருமை இருக்கும். விஷயம் தெரிய வேண்டுமானால் வரவுசெலவு விவரத் தொகுதியை எடுங்கள். ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் நேரே நான்கு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் ஆன செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. ஒரு தலைப்பில் மதிப்பீடு ஆண்டுதோறும் பெரிதாகவும் உண்மைச் செலவு சிறிதாகவும் இருந்தால், அறிவித்த வேலை நடக்கவில்லை என்று பொருள். எம்.எல்.ஏ. ஒருவர் நல்ல கேள்வி கேட்க இந்த ஒரு வரியே போதும்.

கோரிக்கையின் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் கொண்டுவரும் வெட்டுத் தீர்மானமும் உண்டு. மக்களவை விதிகளில் அது மூன்று வகை. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் ‘கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்’ என்பார்கள். ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்ல ‘100 ரூபாய் குறைக்க வேண்டும்’. சிக்கனத்துக்காக என்றால் குறைக்கவேண்டிய தொகையையே சொல்வார்கள். ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை எதுவும் நிறைவேறாது. ஆனாலும் எந்தக் குறை என்பது அவைக் குறிப்பில் ஏறிவிடும், அமைச்சரிடம் பதிலையும் கேட்கலாம். மக்களவையில் நேரம் தீர்ந்தால் மிச்சமுள்ள கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவதும் உண்டு. அதனால்தான் அங்கே 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் வைத்தார்கள். இப்போது 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். வாக்கெடுப்புக்கு முன்பே கோரிக்கைகளை உட்கார்ந்து படிப்பது அவர்கள் வேலை.

பணம் செலவான பிறகு யார் கேட்பார்கள்? பொதுக் கணக்குக் குழு என்று பேப்பரில் வருகிறதே, அது என்ன செய்கிறது?
– வாசகி, காசிமேடு

நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1921-இல் தொடங்கியது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள். அமைச்சர் யாரும் இதில் இருக்க முடியாது. 1967-இலிருந்து எதிர்க்கட்சி உறுப்பினரையே தலைவராக்குவது மரபு. நம் சட்டமன்றத்துக்கும் இதேபோலத் தனிக் குழு உண்டு. இந்திய கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கைதான் இவர்கள் கையிலுள்ள அடிப்படை ஆவணம்.

அந்த அறிக்கைக்கு ஒரு பத்தி வந்து சேரும் வழி நீளமானது. தணிக்கையாளர்கள் துறையின் அலுவலகத்துக்கு வந்து பதிவேடுகளைப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் எழுத்தில் கேள்வி கொடுப்பார்கள். அங்கேயே சரியான ஆவணத்தைக் காட்டிவிட்டால் முடிந்தது. இல்லையென்றால் ஆய்வு அறிக்கையில் ஏறும், நான்கு வாரத்தில் பதில் தரவேண்டும். அதிலும் தீராத பெரிய விஷயம் வரைவுப் பத்தியாகத் துறைச் செயலாளருக்குப் போகும். அவர் பதிலையும் சேர்த்து அறிக்கை ஆளுநர் வழியாக அவைக்கு வரும். பிறகு பொதுக் கணக்குக் குழு சில பத்திகளை எடுத்துக்கொண்டு கேள்விப் பட்டியல் அனுப்பும், செயலாளரை நேரில் அழைக்கும். அங்கே அமைச்சரைக் கூப்பிடுவதில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரிதான் பதில் சொல்லவேண்டும்.

பெரும்பாலான தவறுகள் ஆய்வு அறிக்கை நிலையிலேயே தேங்கிக் கிடக்கின்றன. ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, அந்த அதிகாரி மாறுதலில் போய்விடுவார். அடுத்து வருபவருக்குக் கோப்பு எங்கே என்றே தெரியாது. என் கணிப்பில் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

எங்கள் தெருவில் மார்ச் கடைசியில் அவசர அவசரமாகத் தார் போட்டார்கள். மழைக்குள் ஜல்லி பெயர்ந்துவிட்டது. ஆபீசில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கும் தணிக்கைக்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்?
– வாசகர், வியாசர்பாடி

ஃபைலிலேயே தெரியும். எங்கே பார்ப்பார்கள் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் மார்ச். மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால், பதினொரு மாதம் தூங்கிய வேலை கடைசி மாதத்தில் விழித்துக்கொள்ளும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 62-ஆவது விதி, ஆண்டின் இறுதி மாதங்களில் செலவை அள்ளிவிடுவதை நிதி ஒழுங்கை மீறிய செயலாகவே சொல்கிறது. ஆகவே மாதவாரிச் செலவுப் பட்டியலில் மார்ச் மட்டும் வீங்கியிருந்தால், தணிக்கையாளர் அந்த மாதத்து வவுச்சர்களைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்தது எம் புக் எனப்படும் அளவுப் புத்தகம். வேலைக்குப் பணம் கொடுக்க ஆதாரம் இதுதான். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டிருக்கும், ஒரு தாளைக்கூடக் கிழிக்கக்கூடாது. உதவிப் பொறியாளர் வேலை நடந்த இடத்திலேயே நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து மையால் எழுதவேண்டும். தப்பாகிவிட்டால் அழிக்கக்கூடாது, கோடிட்டு அடித்து, சுருக்கொப்பம் போட்டுத் திருத்த வேண்டும். மேலதிகாரி ஒரு பகுதியை மறுபடி அளந்து கையெழுத்திட வேண்டும்.

உங்கள் தெரு 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மதிப்பீட்டில் தார்க்கலவை 40 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 × 3 × 0.04 = 24 கன மீட்டர். இறுகிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.3 டன் இருக்கும். ஆக 55 டன் கலவை வந்திருக்க வேண்டும். 30 மில்லிமீட்டர்தான் போட்டார்கள் என்றால் 18 கன மீட்டர், ஏறக்குறைய 41 டன். கண்ணுக்குத் தெரியாத அந்த 10 மில்லிமீட்டர், கால் பங்குப் பணம். இதைப் பிடிக்க மூன்று காகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள்: எம் புக்கிலுள்ள கனம், கலவை ஆலையிலிருந்து வந்த லாரிகளின் எடைச்சீட்டு, தார் வாங்கிய இன்வாய்ஸ். 55 டன் கலவைக்கு 5 சதவீதம் என்றாலும் இரண்டே முக்கால் டன் தார் வேண்டும். அந்த அளவுக்கு இன்வாய்ஸ் இல்லையென்றால் கணக்கு உதைக்கும். ஒரே இன்வாய்ஸின் நகலை இரண்டு வேலைகளுக்கு வைப்பது பழைய தந்திரம். அதனால் எண்ணையும் தேதியையும் பக்கத்து வேலைகளின் ஃபைலோடு ஒத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் மிஞ்சினால் சாலையில் வட்டமாகத் துளைத்து, ‘கோர்’ எனப்படும் உருளைத் துண்டை எடுத்து, அதன் கனத்தை ஸ்கேலில் அளக்கலாம். அதற்குமேல் வாதம் இல்லை.

ஜல்லி பெயர்வதற்குக் கனம் மட்டும் காரணமல்ல. அடியிலுள்ள தூசியைக் கூட்டாமல், ஒட்டுத்தார் தெளிக்காமல் போட்டால் அப்பளம்போலத் தகடு தகடாக வரும். கலவை ஆறிய பிறகு ரோலர் ஓட்டினால் இறுகாது. ஜல்லி ஒவ்வொன்றாக உதிரும். நடுத்தெருவில் எந்த மாதிரிப் பெயர்ந்திருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமலே ‘மில்லிங்’ என்று எம் புக்கில் எழுதியிருப்பார்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து வைத்தால் அதற்கு நீங்களே சாட்சி.

தெருச்சாலை மாநகராட்சியின் வேலை. அதன் கணக்கை முதலில் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அந்தத் தணிக்கைக் கேள்விகளை மாமன்றத்தில் எழுப்ப உங்கள் வார்டு கவுன்சிலருக்கு முழு உரிமை உண்டு.

மணலியில் ரிஃபைனரி, பக்கத்திலேயே அனல்மின் நிலையம், கொஞ்சம் தள்ளி ஸ்டான்லி மருத்துவமனை. எது எந்தக் குழுவின் கையில்?
– வாசகர், மணலி

மணலி ரிஃபைனரியை நடத்தும் சி.பி.சி.எல். மத்திய பொதுத்துறை நிறுவனம். அது நாடாளுமன்றத்தின் பொது நிறுவனங்கள் குழுவுக்கு உட்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசின் நிறுவனம் என்பதால் சட்டமன்றத்தின் பொது நிறுவனங்கள் குழு. ஸ்டான்லி மருத்துவமனையின் சம்பளம், கட்டடம் எல்லாம் துறைச் செலவு, பொதுக் கணக்குக் குழு கேட்கும். அங்கே கொடுக்கும் மாத்திரையை வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம். மாத்திரை கிடைக்கவில்லை என்றால் ஒரே குறைக்கு இரண்டு குழுக்களிடம் கேள்வி பிறக்கும். மனு எழுதும்போது இதைக் குழப்பினால் அது மேஜைக்கு மேஜை சுற்றும்.

அரசு ஜீப் வீட்டு வேலைக்குப் போகிறது என்பதெல்லாம் சின்ன விஷயம்தானே? அதையும் குழு பார்க்குமா?
– வாசகி, ராயபுரம்

சின்ன விஷயமில்லை. தினசரிப் பழக்கம் கெட்ட அலுவலகத்தில் பெரிய ஒப்பந்தமும் சுத்தமாக இருக்காது. வண்டியின் லாக் புக்கில் புறப்பட்ட நேரம், கிலோமீட்டர் அளவி காட்டிய எண், போன இடம், நோக்கம், பயணித்த அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்கவேண்டும். ‘களப்பணி’ என்ற ஒரே சொல் மாதம் முழுக்க வந்தால் தணிக்கையாளர் அங்கே நின்றுவிடுவார். அதிகாரியின் பயண நாட்குறிப்பை எடுப்பார், டீசல் பில்லின் தேதியை ஒப்பிடுவார், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்ப்பார். வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற நாளிலும் ஓடியதாக எழுதியிருப்பது அடிக்கடி அகப்படும். இருப்புப் பதிவேட்டுக்கும் இதே சோதனைதான்: புத்தகத்தில் 40 நாற்காலி என்றால் அறையில் 40 இருக்கவேண்டும்.

தணிக்கை அறிக்கை வரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கிறதே?
– வாசகர், திருவொற்றியூர்

உங்கள் கோபம் நியாயமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தை ஆராய்ந்த தணிக்கை அறிக்கை 2018 ஜூலையில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அறிக்கையை ஆளுநர் அவையில் வைக்கச் செய்வார் என்று 151-ஆவது பிரிவு சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இதற்குக் காலவரை வைத்தே ஆகவேண்டும். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுடன் 3,220 கோடி ரூபாயில் மழைநீர் வடிகால் திட்டம் எடுத்தார்கள். அப்படியொரு வேலையின் குறையை மூன்று மழைக்காலம் கழித்துத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

சாதாரண மக்கள் இந்தக் குழுக்களிடம் நேரடியாகப் போகமுடியுமா?
– வாசகி, எண்ணூர்

பொதுக் கணக்குக் குழுவின் கூட்டத்தில் போய் உட்கார முடியாது. சாட்சியம் தனி அறையில்தான் நடக்கும், அறிக்கை அவைக்கு வரும்வரை வெளியிடவும் கூடாது. உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் சட்டமன்ற மனுக்கள் குழு. குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் அறிவிப்புக் கொடுக்கும். மனு தமிழில், தேதியும் கையெழுத்தும் போட்டு, ஐந்து நகல்களுடன் இருக்கட்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்கவேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், வேலை கேட்பது, கோர்ட்டில் இருக்கும் வழக்கு இவற்றை எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமைச்சர் அவையில் ‘செய்து தரப்படும்’ என்று சொல்லிச் செய்யாத வேலையாக இருந்தால், சொன்ன தேதியோடு உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். அரசு உறுதிமொழிக் குழுவுக்கு அவர் எடுத்துப் போகலாம்.

மனுவுக்குப் பலம் சேர்ப்பது ஆவணம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். ‘ஏன் சாலை மோசம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தத் தெருவில் இந்த ஆண்டு நடந்த சாலை வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் பக்கங்கள், இறுதிப் பட்டியல், தார் இன்வாய்ஸ் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 2(j) பிரிவைக் குறிப்பிட்டு, வேலையையும் பதிவேட்டையும் நேரில் பார்வையிட அனுமதியும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபாலில் அனுப்பிய ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு தொடங்கும்.