பேச்சு போன அப்பாவிடம் சிலேட்டைக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. "அது... இந்தா... ஆமா", அவ்வளவுதான். மகளான என்னைத் தம்பி பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனால் கோபம் வந்தால் "சனியனே" என்று தெளிவாகத் திட்டுகிறார், முருகன் பாட்டுப் போட்டால் கூடவே பாடுகிறார். தினமும் ஒரு மணி நேரம் பேப்பரை விரித்து வைத்திருக்கிறார். படிக்கிறாரா என்று தெரியவில்லை. பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டும் என்று தம்பி சிலேட்டு வாங்கி வந்து அ, ஆ எழுதச் சொல்கிறான். அப்பா அதைத் தூக்கி எறிகிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?

பதில்: சிலேட்டை எடுத்து உள்ளே வையுங்கள். அப்பா எறிந்ததில் நியாயம் இருக்கிறது.

பக்கவாதத்தில் பேச்சு இரண்டு விதமாகக் கெடும். நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் தளர்ந்து சொற்கள் குழறுவது ஒன்று. அப்படிப்பட்டவருக்கு மனதுக்குள் வாக்கியம் முழுசாக இருக்கும். பேனா கொடுத்தால் எழுதிவிடுவார். இன்னொன்று மொழியே அடிபடுவது. இதை அஃபேசியா என்போம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு இதுதான். "சனியனே" என்று திருத்தமாகச் சொல்லும் நாக்கில் பெரிய பழுது இருக்க முடியாது. வலது கை பழக்கமுள்ள பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் இடது மூளையில் இருக்கின்றன. வலது கையையும் முகத்தையும் அசைக்கும் பகுதிக்கும் மொழிப் பகுதிகளுக்கும் ஒரே பெரிய ரத்தக்குழாய்தான் ரத்தம் கொண்டுபோகிறது. அது அடைத்தால் கையும் பேச்சும் சேர்ந்தே போகும்.

பேசுவதற்கு ஒரு மொழி, எழுதுவதற்கு வேறொரு மொழி என்று மூளையில் இல்லை. "தண்ணீர்" என்ற சொல் வாயில் வராதவருக்குப் பெரும்பாலும் அது கையிலும் வராது. சிலேட்டும், எழுத்துகளைத் தொட்டுக் காட்டும் அட்டையும் இவருக்கு உதவாததற்குக் காரணம் இதுதான். போதாததற்கு, நாற்பது வருஷம் பேரேடு எழுதிய மனிதரிடம் அ, ஆ போடச் சொன்னால்?

திட்டும் பாட்டும் எப்படி வருகின்றன? 1861இல் பாரிஸில் ப்ரோகா என்ற மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பற்றி எழுதினார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது "தான்" என்ற ஒரே ஓசை. கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வரும். இறந்த பிறகு பார்த்தபோது இடது மூளையின் முன்பகுதி சிதைந்திருந்தது. வசவு, பாட்டு, வாய்ப்பாடு, ஞாயிறு திங்கள் வரிசை ஆகியவையெல்லாம் நாம் யோசித்துக் கோக்கும் சொற்கள் அல்ல; பழகிப்போய்ச் சரமாக வருபவை. அவற்றில் வலது மூளைக்கும் பங்கு உண்டு. ஆகவே அப்பா வேண்டுமென்றே செய்யவில்லை. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மகள் பேருக்குப் பதில் மகன் பேர் வருவதும் மறதி அல்ல. உங்களைத் தெரிகிறது; தேடும் பெயருக்குப் பதில் அதற்கு நெருக்கமான இன்னொரு பெயர் வாயில் வந்துவிடுகிறது.

இனி பேப்பர். படம், தலைப்பு, பழகின பெயர்கள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு ஓரளவு விஷயம் தெரிந்துகொள்கிறாராக இருக்கலாம். வீட்டிலேயே பார்க்கலாம். சாவி, சீப்பு, டம்ளர் மூன்றையும் மேஜையில் வைத்து, ஒரு தாளில் "சீப்பு" என்று பெரிதாக எழுதி, வாயைத் திறக்காமல் காட்டுங்கள். எடுக்கிறாரா? அடுத்து "கதவைத் திறங்க" என்று ஒரு தாள், "கதவைத் திறக்காதீங்க" என்று ஒரு தாள். பலர் தடுக்குவது இங்கேதான். தமிழில் காலம், வேற்றுமை, மறுப்பு எல்லாம் சொல்லின் வாலில் இருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல் சொற்கள் விட்டுவிட்டு வரும் அஃபேசியாவில் அடிக்கடி நழுவுவது அந்த வால். "கடைக்குப் போனேன்" என்பது "கடை... போ..." என்று வரலாம், படிக்கும்போதும் வால் மனதில் பதியாமல் போகலாம். சிலருக்கு வலது பக்கப் பார்வையும் குறைந்திருக்கும், வரியின் கடைசிச் சொற்கள் கண்ணிலேயே படாது. கண் பரிசோதனையும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

படிப்பும் எழுத்தும் தனித்தனியே போவதும் உண்டு. பாரிஸிலேயே தெஜெரின் என்ற மருத்துவர் 1892இல் விவரித்த ஒரு நோயாளி சொன்னதைச் சரளமாக எழுதுவார். எழுதி முடித்ததைக் கொடுத்தால் ஒரு வார்த்தை படிக்க மாட்டார். எழுத்தின் மேல் விரலை ஓட்டித்தான் அடையாளம் கண்டார். இது அபூர்வம். பேச்சு, கேட்டுப் புரிவது, படிப்பு, எழுத்து நான்கையும் தனித்தனியே சோதிக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் செய்யவேண்டியதில் முக்கியமானது, அவருடைய "ஆமா"வை உடனே நம்பாமல் இருப்பது. அஃபேசியாவில் ஆமாவும் இல்லையும் இடம் மாறும். "இது நம்ம வீடா?", "நீங்க டாக்டரா?" என்று விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் தலையாட்டலையோ, டிக் போட்ட அட்டை, பெருக்கல் குறி போட்ட அட்டை இரண்டையோ பழக்குங்கள். "என்ன வேணும்பா?" என்று கேட்காமல் டீ டம்ளரையும் தண்ணீர்ச் செம்பையும் தூக்கிக் காட்டுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது, கத்தவேண்டாம். கேட்ட பிறகு பத்து விநாடியாவது வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். குடும்பத்தாருக்கு இதுதான் கஷ்டம்! "குழந்தை மாதிரி ஆயிட்டார்" என்று அவர் முன்னால் யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். புரியும்.

நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று விடவேண்டாம். முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம் என்பது உண்மை. ஆனால் பயிற்சி இருந்தால் வருஷக்கணக்கில் முன்னேறுபவர்கள் உண்டு. பாட்டு வருவதால் ராகத்தோடு சொற்களைப் பழக்கும் முறையும் இவருக்குப் பொருந்தலாம். அதைப் பேச்சுப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பென்ஷன் கணக்கு. கையெழுத்து மாறிப்போனால் வங்கியில் இரண்டு சாட்சிகள் முன் கைரேகை வைக்கலாம்; சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும். பேச்சிழப்பு நிரந்தரமாகிவிட்டால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழ் பெறவும் வழி உண்டு.

பயிற்சியாளரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அப்பாவின் கையெழுத்தில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். இப்போது இடது கையால் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். எழுத்து கோணலாக, ஆனால் பிழையில்லாமல் இருந்தால் அது கையின் பிரச்சினை. எழுத்து ஒழுங்காக இருந்து சொல் தப்பினால் மொழியின் பிரச்சினை. அவர் முன்பு எப்படி எழுதினார் என்று பார்த்தால்தான் இதைத் தீர்மானமாகச் சொல்லமுடியும்.