பரணில் கிடைத்த பழைய ராணுவ ரைஃபிள்: எந்தக் காலத்தது, அசலா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: பெங்களூரு அல்சூரில் பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது, மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு) இருந்து பர்மா முனைக்குப் போன தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ரைஃபிளும் பயனெட்டும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) கிடைத்திருக்கின்றன. ரைஃபிளில் கிரீடம், கீழே 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்து. எந்த வருஷத்தது, அசல்தானா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. "நூறு வருஷம் ஆகிவிட்டால் லைசென்ஸ் வேண்டாம்" என்று பலர் நம்புகிறார்கள். தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்குத் தருவது வயதுக்காக மட்டும் இல்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கிற பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு. உங்களுடையது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் லீ-என்ஃபீல்டாக இருக்கும், அது அப்படிச் சாகிற துப்பாக்கி அல்ல. உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான். போதாததற்கு, அதன் த்ரீ நாட் த்ரீ (.303) ராணுவத் தோட்டாவுக்கான அளவு என்பதால் அது தடை செய்யப்பட்ட குழல் அளவு ('புரொஹிபிட்டட் போர்') வகையில் வருகிறது. அதற்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம், நகரப் போலீஸ் அல்ல.

அதனால் செய்ய வேண்டியது: உள்ளே குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள் (மேகஸினில் பத்துத் தோட்டா வரை போகும்). போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும், கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு) இழுத்துப் பார்க்காதீர்கள், விசைப் பக்கம் விரல் போகக் கூடாது. இருக்கிற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு உங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்களை வரச் சொல்லுங்கள். ஆட்டோவில் போட்டு நீங்களே கொண்டுபோகாதீர்கள். வழியில் சோதனை நடந்தால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை நிரூபிக்க வேண்டிய நிலை வரும். சட்டத்தின் 21-ஆவது பிரிவு தாமதமில்லாமல் ஒப்படைக்கச் சொல்கிறது. ரசீதில் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பயனெட் வேறு கணக்கு. அரசு அறிவிக்கை உள்ள பகுதிகளில் மட்டும்தான் அதற்கு உரிமம் வேண்டும். நிலையத்திலேயே அதையும் கேட்டுவிடலாம்.

இனி அடையாளம். இதற்கு உங்கள் படங்களே போதும்.

முதலில் உருவம். குழல் முனை கட்டைக்கு வெளியே நீளாமல், பன்றி மூக்கு மாதிரி மொட்டையாக முடிந்து, பின்குறி (குறிபார்க்கும் பின்பக்கத் தகடு) குழலின் மேல் நடுவாக்கில் இருந்தால் அது எஸ்.எம்.எல்.இ., அதாவது பிற்பாடு நம்பர் 1 என்று அழைக்கப்பட்ட குட்டை லீ-என்ஃபீல்டு. குழல் ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டி, பின்குறி கண்ணுக்குப் பக்கத்தில், போல்ட்டுக்கு மேலே இருந்தால் நம்பர் 4. இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. முன்கட்டை பாதியிலேயே நின்று, முனையில் இரும்புத் தொப்பியும் இல்லாமல் இருந்தால் குழலில் என்ன அளவு அடித்திருக்கிறது என்று பாருங்கள். .315 அல்லது 8 மி.மீ. என்றிருந்தால் அது மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை சிவிலியன்களுக்கென்றே செய்த வேட்டை ரைஃபிள். சிப்பாய்கள் ஓய்வுபெறும்போது சர்வீஸ் ரைஃபிளை வீட்டுக்குக் கொண்டுவர விட மாட்டார்கள். எனவே இந்த .315 தான் வீடுகளில் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது, தாத்தா பெயரில் பழைய லைசென்ஸ் புத்தகமும் பெட்டியில் இருக்கக்கூடும். தேடுங்கள்.

எஸ்.எம்.எல்.இ. தான் என்றால் உயிரான இடம் ஒன்று உண்டு. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து செருகுகிற இரும்பு வளையத்தின் வலது பக்கம். அங்கே மேலிருந்து கீழாக வரிசையாகப் படிக்கலாம்: கிரீடம், அரசர் எழுத்து, தொழிற்சாலை, வருஷம், மாடல். இங்கிலாந்தில் செய்ததில் 'ஜி.ஆர்.' (ஜார்ஜ் அரசர்) மட்டும் இருக்கும். இச்சாப்பூரில் செய்ததில் கடைசியில் 'ஐ' சேரும், இந்தியாவின் பேரரசர் என்ற பொருளில். மாடலில் மூன்று ரோமன் கோடும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தால், முதல் உலகப்போர் நடுவில் வேகத்துக்காகச் சுருக்கிய வடிவம். அதில் மேகஸினை மறைக்கும் தகடும் இடது பக்கத் தொலைதூரக் குறியும் நீக்கப்பட்டன. 1950-க்குப் பிந்தைய இச்சாப்பூர் ரைஃபிளில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கமும் 'ஆர்.எஃப்.ஐ.'யும் (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்) இருக்கும்.

இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதில்தான் அசல், போலி தெரியும். பாகிஸ்தானில் கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் ஊர்ப் பட்டறைகளில் கையாலேயே செய்த நகல்கள் துணைக்கண்டம் முழுக்கச் சுற்றுகின்றன. அந்தக் கொல்லர்கள் கைவேலையில் கெட்டி, ஆங்கிலம் தெரியாது. அதனால் 'என்ஃபீல்டு' என்ற சொல்லில் 'N' எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். விக்டோரியாவின் 'வி.ஆர்.' எழுத்துக்குக் கீழே 1907 என்று போட்டிருப்பார்கள். ராணி 1901-லேயே இறந்துவிட்டார். 1908 என்ற வருஷத்துக்கு மேலே 'ஜி.ஆர்.' இருந்தாலும் அப்படித்தான். அப்போது எட்வர்ட் அரசர். ஐந்தாம் ஜார்ஜ் வந்தது 1910-ல். 1926-ல்தான் 'நம்பர் 1' என்ற பெயரே வந்தது, ஆகவே 1917 ரைஃபிளில் அந்தப் பெயர் இருந்தால் நின்று யோசியுங்கள். இந்த நகல்களின் இரும்பு நம்பகமானதல்ல, சுட்டால் சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கலாம்.

அவசரப்பட்டுப் போலி என்றும் சொல்லிவிடாதீர்கள். ராணுவம் இவற்றைத் திரும்பத் திரும்பப் பிரித்துக் கோத்தது. குழலில் ஒரு வருஷமும் வளையத்தில் வேறு வருஷமும் இருப்பது சாதாரணம். 'எஃப்.டி.ஆர்.' என்ற முத்திரை முழுப் பழுதுபார்ப்பைக் குறிக்கும். மேகஸினுக்கு முன்னால் முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு திருகு போயிருந்தால், அது இந்தியாவில் கட்டையை வலுப்படுத்தச் சேர்த்தது. 'ஐ' எழுத்தின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் இந்திய அரசுச் சொத்து என்று பொருள். 'டி.பி.' இருந்தால் கவாத்துக்கு மட்டும் ஒதுக்கியது.

வரிசை எண்ணை நான்கு இடத்தில் ஒப்பிடுங்கள்: குழல் சேரும் இரும்பு, போல்ட் கைப்பிடியின் பின்பக்கம், முனைத் தொப்பி, பின்குறித் தகட்டின் அடிப்பக்கம். கைக்கு எட்டாததை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். எல்லாம் ஒன்றானால் ஒருசேரப் பிறந்தது. போல்ட் எண் மட்டும் மாறியிருந்தால், அந்தப் போல்ட் அந்தக் குழலுக்குப் பொருத்திப் பார்க்கப்படாதது.

தாத்தா பர்மா முனைக்குப் போனவர் என்பதால் ஜப்பானிய அரிசாகாவாக இருக்குமோ என்றால், குழலின் அடிப்பக்க இரும்பின் உச்சியில் பதினாறு இதழ் சாமந்திப் பூ தெரியும், அல்லது அதைத் தேய்த்தழித்த தழும்பு. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் மவுசரில் பிரிட்டிஷ் கிரீடம் இருக்காது, 'பி.ஒய்.எஃப். 44' போன்ற குறியீடு, அதாவது ஓபெர்ன்டார்ஃப் ஆலை, 1944. உங்களுடையதில் ஜி.ஆர்.ஐ. இருப்பதால் இரண்டும் இல்லை.

படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாதீர்கள், எழுத்து வெள்ளையடித்துவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து தேய்ந்த எண்ணும் எழும். நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். உப்புத்தாள், பிராஸோ, கம்பிப் பிரஷ் மூன்றும் கூடவே கூடாது. பொறிப்பின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பளபளப்பில் வருஷம் போய்விடும். பின்கட்டையின் வலது பக்கம் பித்தளை வட்டு இருந்தால் அதையும் தொடாமல் படமெடுங்கள். படைப்பிரிவின் பெயர் சில சமயம் அதில்தான் மிஞ்சியிருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அந்த வட்டின் படத்தோடும் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் அங்கே போங்கள்.