ஜிம் உடம்புக்குத் தோட்டத் தொழிலாளி வேஷம் பொருந்துமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. உயரம் 5 அடி 11 அங்குலம், எடை 84 கிலோ. நான்கு வருடமாக ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றி வைத்திருக்கிறான். மாமியார் வேஷம் போட்டு அவன் செய்யும் காமெடி ரீல்ஸ் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 1940களில் ஏற்காடு காப்பித் தோட்டத்தில் நடக்கும் கதை ஒன்றுக்குத் தொழிலாளி வேஷத்துக்கு ஆள் தேடுவதாக ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். "உன் உடம்பு இதற்கு ஒத்து வராது, உன் முகத்தைப் பார்த்தாலே ஜனங்கள் சிரிப்பார்கள். 60,000 ரூபாய் கட்டு. போட்டோ ஆல்பம், பயிற்சி எல்லாம் கொடுத்து நானே சரி செய்து உள்ளே அனுப்புகிறேன். 20 நாளில் 12 கிலோ குறைக்க வேண்டும்" என்கிறார். தம்பி இதற்காக பைக்கை விற்கப் பார்க்கிறான். அவன் உடம்பும் பெயரும் இந்த வேஷத்துக்குப் பொருந்துமா? பணம் கட்டலாமா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முதலில் பைக் சாவியைத் தம்பியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்த ஏஜென்ட் சொன்னதையே இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். உடம்பு ஒத்து வராது, முகமும் ஒத்து வராது என்கிறார். அப்படியென்றால் அம்மாப்பேட்டை வரைக்கும் உங்கள் தம்பியைத் தேடி ஏன் வந்தார்? படத்துக்கு ஆள் தேடுகிறவர்களுக்குப் பொருந்தாத ஆளிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடையாது. 'இதுக்கு வேண்டாம் தம்பி' என்று அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். குறையையும் சொல்லி, அதைச் சரிசெய்ய விலையும் சொல்கிறவர் அந்த விலைக்காகத்தான் வந்திருக்கிறார். நான் இருபது வருடத்துக்கு மேலாக நடிகர் தேர்வு வேலையில் இருக்கிறேன். வேஷம் கொடுத்த யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. நடிக்கிறவருக்குத்தான் கம்பெனி சம்பளமும் பேட்டாவும் கொடுக்க வேண்டும்.

சரி, உடம்புக்கு வருவோம். 1940களில் மலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் எப்படி இருந்திருப்பார்? களியும் கூழும்தான் சாப்பாடு. காலையிலிருந்து களை எடுப்பது, கவாத்து வெட்டுவது, பழம் பறிப்பது, மூட்டையோடு மேட்டில் ஏறுவது. அந்த உடம்பில் ஆடுசதை இறுகியிருக்கும், முன்கையில் நரம்பு தெரியும், வயிறு ஒட்டியிருக்கும். நெஞ்சு உப்பியிருக்காது. ஜிம்முக்குப் போகிறவர்களிடம் கேமரா முதலில் காட்டிக்கொடுப்பது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மேடாக ஏறி நிற்கும் சதையை. அடுத்தது நடை. கையை விலாவோடு ஒட்டாமல் அகட்டி வைத்துக்கொண்டே நடப்பார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே அப்படி ஒருவர் நடந்து வந்தால், அவர் எவ்வளவு நன்றாக வசனம் பேசினாலும் பார்க்கிறவர் நம்ப மாட்டார்.

ஆனால் இதனால் வாய்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பனியில் கம்பளி போர்த்துவார்கள். மழையில் கோணிச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்த காஸ்ட்யூமர் இந்த இரண்டை வைத்தே பாதி உடம்பை மறைத்துவிடுவார். அவரால் மறைக்க முடியாதவை வேறு. திருத்திய புருவம், காதுப் பக்கம் ஒட்ட வெட்டிய இந்தக் காலத்து முடி, வெளுப்பு செய்த பல், மழித்த நெஞ்சு. 84 கிலோவை விட இவைதான் என்னைக் கவலைப்பட வைக்கும்.

அந்தக் காலத்து வேஷம் என்றாலே ஒல்லியாக இருக்க வேண்டும் என்பது ஏஜென்ட்டுகள் கிளப்பிவிட்ட கதை. நான் மேலே சொன்ன ஒட்டிய உடம்புக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரலாக்கட்டை சுற்றி, தண்டாலும் பஸ்கியும் எடுத்து வளர்ந்த உடம்பு அந்தக் காலத்திலும் இருந்தது. மூட்டை தூக்கியே வளர்ந்த உடம்பும் இருந்தது. இன்றைக்கும் காலையில் லீ பஜார் மண்டிப் பக்கம் போய்ச் சுமை தூக்குகிற அண்ணன்மார்களைப் பாருங்கள். கழுத்து தடிமனாக, தோள் உருண்டு கீழ்நோக்கிச் சரிந்து, முதுகு பலகைபோல இருக்கும். தொடை பெரிதாக இருக்கும். முன்னால் கொஞ்சம் தொப்பைகூட இருக்கும். அவர்கள் வயிற்றில் கட்டம் கட்டமாக எதுவும் தெரியாது, ஆனால் நூறு கிலோ மூட்டை அவர்கள் முதுகில் ஏறும். ஜிம் உடம்பு கண்ணாடிக்கு முன்னால் நின்று வளர்ந்தது, அதனால் முன்பக்கம்தான் பெரிதாகத் தெரியும். சுமை உடம்புக்குப் பலமெல்லாம் பின்பக்கம். ஆகவே உங்கள் தம்பி கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தத் தொழிலாளி கதையில் என்ன வேலை செய்கிறான்? பழம் பறிக்கிறவனா, மரம் அறுக்கிறவனா, மூட்டை இறக்குகிறவனா, பங்களாவில் காவல் நிற்கிறவனா? மரம் அறுக்கிறவன் என்றால் உங்கள் தம்பி பத்துக் கிலோ குறைக்கத் தேவையே இல்லை. நெஞ்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு, வயிற்றைக் கொஞ்சம் தளரவிட்டால் போதும். பறிக்கிறவன் என்றால் குறைக்க வேண்டியிருக்கும். 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் சொல்லிவிட்டு எடைக் கணக்கு பேசுகிறவர் கதையைப் படித்திருக்க மாட்டார்.

20 நாளில் 12 கிலோ என்பது ஆபத்து. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் 12 கிலோவுக்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். அவசரத்துக்கு நீர் பிரியும் மாத்திரை விழுங்குகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அது கொழுப்பைத் தொடாது, உடம்புத் தண்ணீரையும் உப்பையும்தான் வெளியேற்றும். இதயத்தையும் சிறுநீரகத்தையும் அது கெடுத்துவிடும். மருத்துவர் எழுதிக் கொடுக்காத எந்த மாத்திரையையும் தம்பி தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முகத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்ற பயம். முகத்தில் ஒரு குறை சொல்லி ஆளை ஒதுக்குவதற்கு நம் ஊரிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறோம். அங்கே, 1950ல் வெளிவந்த 'மந்திரி குமாரி'யை எடுத்தபோது, எம்.ஜி.ஆரை நாயகனாகப் போடச் சொன்னவர் வசனம் எழுதிய கருணாநிதி. முதலாளி டி.ஆர். சுந்தரத்துக்கு எம்.ஜி.ஆரின் மோவாய் அமைப்பில் திருப்தியில்லை. கடைசியில் சின்னதாக ஒரு தாடி வைத்து அதை மறைப்பது என்று முடிவாகி, எம்.ஜி.ஆரே நடித்தார். ஆளை வேஷத்துக்குப் பொருத்துவது படம் எடுக்கிறவரின் வேலை, அவருடைய செலவு. நடிக்க வருகிறவர் தலையில் அதைக் கட்டுவது பின்னால் வந்த வழக்கம்.

பெயர் விஷயத்தில் உங்கள் தம்பிக்குக் கொஞ்சம் சிரமம் இருப்பது உண்மைதான். திரையில் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று எம்.ஜி.ஆர் வைத்திருந்த பெயர் அவருடைய வேஷங்களுக்கே ஒரு எல்லை போட்டது. எம்.என். நம்பியார் அதற்கு நேர் எதிர். திரையில் அத்தனை கொடுமை செய்தவர், வெளியே ஊர் மதித்த ஐயப்ப குருசாமி. ஆனாலும் அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால் ஜனங்கள் குருசாமியை மறந்துவிட்டு வில்லனைத்தான் பார்த்தார்கள். வெளியே இருக்கிற பெயரை வேலை மறக்கடிக்கும், ஆனால் அதற்கு ஒன்றிரண்டு காட்சி ஆகும். அந்த ஒன்றிரண்டு காட்சியை டைரக்டர் யோசித்து எடுக்க வேண்டும். முதலில் முதுகைக் காட்டலாம், வேலை செய்கிற கையைக் காட்டலாம், முகத்தைக் காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் பேச விடாமல் வைத்திருக்கலாம். ரீல்ஸில் ஜனங்களுக்குப் பழகியது முக்கால்வாசி உங்கள் தம்பியின் குரலும் கண் உருட்டலும்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நிமிடம் பேசாமல், எதற்கும் முகத்தைச் சுளிக்காமல், ஏதாவது ஒரு வேலையைத் தம்பி செய்யட்டும். விறகு வெட்டட்டும், கிணற்றில் தண்ணீர் இறைக்கட்டும். அதை செல்போனைக் குறுக்காகப் பிடித்து வீடியோ எடுத்து, ரீல்ஸ் பார்க்கும் மூன்று பேருக்கும் பார்க்காத மூன்று பேருக்கும் காட்டுங்கள். முதல் மூன்று பேர் பத்து வினாடிக்குள் சிரிப்பதை நிறுத்திவிட்டால் தம்பிக்கு வழி இருக்கிறது.

இன்றைக்கு இந்தத் தொழில் நடக்கிற விதம் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. 1930களிலேயே சேலத்தில் ஸ்டுடியோ கட்டி, எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்துப் படம் எடுத்த ஊர் இது. நடிக்க ஆசைப்பட்டவருக்கு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது. இன்றைக்கு 'புதுமுகங்கள் தேவை' என்று ஒரு படமும் ஒரு செல்போன் நம்பரும் வருகிறது. கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை, டைரக்டர் பெயர் இல்லை. நல்ல கம்பெனிகளும் இப்படியே விளம்பரம் போடுகின்றன. அப்புறம் சேலத்துப் பையனுக்கு எது நிஜம், எது பொய் என்று எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, நடிக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை ஃபாலோயர்ஸ் என்று கேட்கிறார்கள்.

சில வருடம் முன்பு ஏற்காட்டில் ஷூட்டிங்கில் இருந்தேன். தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் அம்மாவோடு காலை முதல் பஸ்ஸில் வந்து நின்றான். கையில் எங்கள் கம்பெனி முத்திரை போட்ட கடிதம், கதாநாயகனின் தம்பி வேஷம் என்று எழுதியிருந்தது. எங்கள் கதையில் கதாநாயகனுக்குத் தம்பியே கிடையாது. முத்திரை போலி. அந்த அம்மா தோட்டை அடகு வைத்து 40,000 கட்டியிருந்தார். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். அவர்களை உட்காரவைத்து டிபன் கொடுத்து அனுப்பியதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

அதனால்தான் கறாராகச் சொல்கிறேன். ஆல்பத்துக்குப் பணம், ஆர்டிஸ்ட் கார்டுக்குப் பணம், காஸ்ட்யூம் டெபாசிட், இன்சூரன்ஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறேன், செக் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஸ்டுடியோவில் போய் ஆல்பம் எடுக்கச் சொல்கிறவருக்கு அந்த ஸ்டுடியோவில் கமிஷன் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் அறையில் ஆடிஷன் என்றால் போகவே கூடாது.

அவரிடம் கம்பெனி பெயர், டைரக்டர் பெயர், புரொடக்‌ஷன் மேனேஜர் நம்பர் மூன்றையும் கேளுங்கள். படத் தலைப்பைச் சென்னையில் பிலிம் சேம்பரிலோ தயாரிப்பாளர் சங்கத்திலோ பதிவு செய்வது வழக்கம். எங்கே பதிவு செய்திருக்கிறது என்று கேளுங்கள். படம் நிஜமாக இருந்தால் இதற்கெல்லாம் ஒரு நாளில் பதில் வரும். 'இப்போதைக்கு ரகசியம்' என்றால் அதோடு விட்டுவிடுங்கள். தம்பி உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஆன்லைனில் ஏதாவது அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் திரும்ப வாய்ப்பு.

படம் உண்மை என்று தெரிந்தால் அனுப்ப வேண்டியது கொஞ்சம்தான். காலை வெளிச்சத்தில் வெள்ளைச் சுவருக்கு முன் நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, வேட்டியோடு முழு உடம்பும் தெரிய ஒன்று. ஃபில்டர் வேண்டாம். கூடவே அந்த ஒரு நிமிட வீடியோ. இதற்கெல்லாம் உங்கள் போன் போதும். மிச்சமிருக்கிற நாளில் ஜிம்முக்குப் பதிலாக அடிவாரத்திலிருந்து மேலே கொஞ்ச தூரம் தினமும் நடக்கட்டும். தெரிந்தவர் தோட்டம் ஏதாவது இருந்தால் ஒரு வாரம் பறிக்கிறவர்களோடு கூடையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். குனிவதும் சரிவில் கால் ஊன்றுவதும் அங்கேதான் வரும்.

வேஷம் போட்டுப் பார்க்கிற லுக் டெஸ்ட் முடியும்வரை சலூன் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். முடியும் தாடியும் வளரட்டும், புருவத்தைத் தொட வேண்டாம்.